கடலுக்குள் போகிறவர்கள் கவனத்துக்கு

"பெட்டி இங்கன இல்லையேக்கா!"

இரண்டாவது மாடி ஜொஹரா கதவைத் திறந்து இப்படிச் சொன்னபோது திங்கட்கிழமை காலை ஆறரை மணி. ஒன்பதே முக்காலுக்கு எங்களுக்கு விமானம். அந்தப் பெட்டிக்குள் என் பாஸ்போர்ட், என் வீட்டுக்காரரின் பாஸ்போர்ட், இரண்டு பேரின் டிக்கெட், டிராவலர்ஸ் செக், டாக்டர் சர்டிபிகேட்... எல்லாவற்றுக்கும் மேலாக என்னுடைய மாஸ்க்.

நான் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாலத்தீவுக்குப் போய்க் கடலுக்கு அடியில் இறங்கிப் பார்க்கப் போகிறேன் என்று இரண்டு மாதம் முன்பு இந்தப் பத்தியில் ஒரு வரி எழுதினாலும் எழுதினேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. "விசா வேண்டுமா?" "டாலர் எப்படி வாங்குவது?" "அங்கே தயிர் கிடைக்குமா?" — இது மாட்டுங்காவிலிருந்து. "நாற்பத்து நாலு வயதில் இதெல்லாம் தேவையா?" — இது செம்பூரிலிருந்து, பெயர் போடாமல். பெயர் இல்லாவிட்டால் என்ன? என் நாத்தனாரின் கையெழுத்து எனக்குத் தெரியாதா!

எல்லோருக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் தகவல்கள் ஒழுங்கான வரிசையில் வராது. எனக்கு நடந்ததே ஒழுங்கான வரிசையில் நடக்கவில்லை.

முதலில் நாத்தனாருக்கு. ஏன் போக ஆசைப்பட்டேன்?

என் கண்ணாடி பவர் மைனஸ் ஆறு. கழற்றினால் எதிரில் வருவது பஸ்ஸா லாரியா என்று தெரியாது. ஜுஹூவில் அலையில் நிற்க வேண்டுமென்றால் கண்ணாடியைக் கழற்றி வீட்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்த மறு நிமிஷம் கடல் காணாமல் போய்விடும். சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று அசையும், அவ்வளவுதான். நாற்பதாவது வயதில், பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில் நீச்சல் குளத்துக்குப் போய் நீச்சல் கற்றுக்கொண்டேன். அங்கேயும் அதே கதை. பக்கத்தில் நீந்துகிறவளின் முகம்கூடத் தெரியாது. தண்ணீர் என்றாலே எனக்கு மங்கல்தான்.

ஒரு நாள் பழைய பேப்பர் போடப் போன கடையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை கிடந்தது. நடுப் பக்கத்தில் கடலின் அடி. மஞ்சளும் ஊதாவுமாய் மீன்கள், கிளை கிளையாய்ப் பவளம். ஒவ்வொரு செதிலும் கோடு போட்ட மாதிரி தெளிவாக இருந்தது. தராசுக்குப் பக்கத்தில் நின்றபடியே முழுவதும் பார்த்தேன். தண்ணீருக்குள் இருப்பதை ஒரு தடவையாவது இப்படித் தெளிவாக என் கண்ணால் பார்க்க வேண்டும், படத்தில் மட்டும் பார்த்துவிட்டுச் செத்துப் போகக் கூடாது என்று தோன்றியது. நாடகத்தனமாக இருக்கிறதா? இருக்கட்டும். அப்படித்தான் தோன்றியது.

என் வீட்டுக்காரரின் சித்தி பிள்ளை ராமு, மாலேயில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். "வாங்கோ மன்னி, தங்கறதுக்கு இடம் இருக்கு" என்று இரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தான். அவனுடைய காண்ட்ராக்ட் இந்த வருஷத்தோடு முடிகிறது. போனால் இப்போது போக வேண்டும்.

விசா? வேண்டாம். அங்கே இறங்கியதும் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக் கொடுத்துவிடுகிறார்கள். பம்பாயிலிருந்து திருவனந்தபுரம், அங்கிருந்து ஒரே தாவலில் மாலே.

டாலர்? அதற்கு ஒரு படிவம், அந்தப் படிவத்துக்கு இன்னொரு படிவம். 'பயணத்தின் நோக்கம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'கடலுக்கு அடியில் பார்ப்பது' என்று உண்மையை எழுதினேன். கவுண்டரில் இருந்தவர் இரண்டு முறை படித்தார். என்னை ஒரு முறை பார்த்தார். அதை அடித்துவிட்டு 'டூரிசம்' என்று எழுதிக்கொண்டார்.

டாக்டர் சர்டிபிகேட் கட்டாயம். காது, மூக்கு, இதயம் மூன்றும் சரி என்று எழுதி வாங்க வேண்டும். மாட்டுங்காவில் ஒரு காது டாக்டரிடம் போனேன். டார்ச் அடித்துப் பார்த்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, ஊதச் சொன்னார். காதில் 'பொட்'டென்று ஒரு சத்தம். "பேஷ்" என்றார். கடலுக்குள் இறங்க இறங்கக் காது அடைக்குமாம். அப்போதெல்லாம் இதே மாதிரி மெல்ல ஊதிக்கொண்டே போக வேண்டுமாம். சளி பிடித்திருந்தால் இறங்கவே கூடாது. குறித்துக்கொள்ளுங்கள்.

"ஏம்மா, அங்க போய் என்னத்தைத் தேடப் போறேள்?" என்று கேட்டார்.

"இங்க எல்லாத்தையும் தேடிப் பாத்தாச்சு டாக்டர்."

கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அப்புறம் மாஸ்க். கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும் ரப்பர் சாமான், முன்னால் கண்ணாடி. அங்கேயே வாடகைக்குத் தருவார்கள். ஆனால் மைனஸ் ஆறுக்கு யார் தருவார்கள்? கப்பல் சாமான் விற்கும் கடை ஒன்றில் தேடிப் பிடித்து ஒன்று வாங்கினேன். மாட்டுங்கா கண்ணாடிக் கடைக்காரர் என் பழைய கண்ணாடியிலிருந்து இரண்டு லென்ஸையும் கழற்றி, உட்பக்கம் பசை போட்டு ஒட்டித் தந்தார். மூன்று வாரம் இழுத்தடித்தார். அவருடைய தொழிலில் இப்படி ஒரு ஆர்டர் வந்ததே இல்லையாம்.

ஒட்டு நிற்கிறதா என்று பார்க்க வேண்டாமா? மாஸ்க்கை மாட்டிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினேன். கறிவேப்பிலை கேட்டு வந்த ஜொஹரா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னக்கா, வெல்டிங் வேலைக்கா போறீக?"

இந்த மாஸ்க் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். தொலைந்தால் இன்னொன்று கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் வந்தது. அங்கேதான் வினை. திங்கட்கிழமை. வீட்டிலிருந்து ஏழரைக்குக் கிளம்பியாக வேண்டும். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம்.

என் வீட்டுக்காரர் ஒரு கெமிக்கல் தொழிற்சாலையில் இன்ஜினியர். பிரஷர், டெம்பரேச்சர் தவிர வேறெதையும் நம்ப மாட்டேன் என்பார். ஆனால் பிரயாணம் என்று வந்துவிட்டால் போதும், பஞ்சாங்கத்தைப் பிரித்துவிடுவார். காலண்டரையே அரை மணி நேரம் முறைத்துவிட்டு, "பரஸ்தானம் பண்ணிடலாம்" என்றார்.

தெரியாத இளசுகளுக்காகச் சொல்கிறேன். நீங்கள் கிளம்பும் நேரம் சரியில்லை என்றால், அதற்கு முன்னாலேயே ஒரு நல்ல நேரம் பார்த்து உங்கள் பெட்டியை மட்டும் வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பெட்டி கிளம்பிவிட்டால் நீங்களும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்த நேரத்தில் வேண்டுமானாலும் பெட்டியை எடுத்துக்கொண்டு போகலாம். வக்கீலுக்குப் படித்த யாரோதான் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி நல்ல நேரம். எதிர் ஃப்ளாட்டில் வைக்கலாமென்றால் அது மேற்கு. ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசையில் கிளம்பக் கூடாது. பக்கத்து ஃப்ளாட்டில் பூட்டு. இன்ஜினியர் மூளை வேலை செய்தது.

"கீழ வெச்சுடலாம். மேலயும் கீழயும் சூலம் கிடையாது!"

கீழே என்றால் எங்களுக்கு நேர் கீழே, காஜா பாய் வீடு. ஜொஹராவின் கணவர். கடையநல்லூர்க்காரர். தாராவியில் தோல் பையும் சூட்கேஸும் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். பரஸ்தானம் என்றால் என்ன, ஏன், எதற்கு என்று என் வீட்டுக்காரர் அவருக்குப் பத்து நிமிஷம் விளக்கினார். மனுஷர் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"வெளங்கிட்டு சார். நல்ல நேரத்துல பெட்டி வீட்டவிட்டுக் கெளம்பிறணும். அவ்வளவுதான? நீங்க போங்க, நான் பாத்துக்கிடுதேன்."

சரி... பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்தது யார்?

நான்தான்.

எத்தனை வாரம் இதே பத்தியில் ராகு காலத்தைக் கிண்டல் செய்திருக்கிறேன்! உங்களில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். பெட்டிக்குள் நாலு துணி இருந்தால் போதும் என்று என் வீட்டுக்காரரும் சொன்னார். ஆனால் அவர் குளிக்கப் போன நேரத்தில் எனக்கு ஒரு பயம் வந்துவிட்டது. துணி மட்டும் நல்ல நேரத்தில் போனால், துணி மட்டும்தானே நல்லபடியாகப் போய்ச் சேரும்? மாஸ்க் என்ன ஆகும்? மாஸ்க்கை எடுத்து உள்ளே வைத்தேன். சர்டிபிகேட்டை வைத்தேன். அப்படியானால் பாஸ்போர்ட் மட்டும் என்ன பாவம் செய்தது? டிக்கெட்? செக்? எல்லாவற்றையும் வைத்துப் பூட்டினேன். கடைசியில் என் கைப்பையில் மிஞ்சியது பெட்டிச் சாவி, ஒரு சீப்பு, ரயில் பாஸ், டாக்ஸிக்கு எடுத்து வைத்த ரூபாய், கொஞ்சம் சில்லறை.

முழுசாக நம்புகிறவர் நாலு துணியோடு நிறுத்தியிருப்பார். நம்பாதவர் பெட்டியையே கொடுத்திருக்க மாட்டார். நடுவில் நின்று தடுமாறுகிறவர்கள்தான் இந்த மாதிரி காரியம் செய்வோம். அதுவும் ரொம்ப ஆசைப்பட்டதற்கு மட்டும்தான் செய்வோம்.

இப்போது மாடிப்படிக்கு வருகிறேன்.

"கைப்பிடி ஆடுதுன்னு நேத்து மத்தியானமே பட்டறைக்குத் தூக்கிட்டுப் போயிட்டாகக்கா" என்றாள் ஜொஹரா. "பசை காயணும்னு அங்கனயே வெச்சிட்டு வந்தாக. இன்னைக்கு விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு நேரா அங்கதான் போனாக. அக்கா பிளேன் ஏறுமுன்ன பெட்டி கைக்கு வந்துரும்னு சொல்லச் சொன்னாக."

அவர் மேல் என்ன தப்பு? பெட்டி செய்கிறவர் வீட்டில் கைப்பிடி ஆடுகிற பெட்டியைக் கொண்டுபோய் வைத்தால் அவர் கை சும்மா இருக்குமா? உள்ளே பாஸ்போர்ட் இருக்குமென்று அவர் கனவா கண்டார்?

"பட்டறையில போன் இருக்கா?"

"பட்டறையில ஏதுக்கா போனு!"

மேலே வந்து விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் முகத்தில் ரத்தம் இல்லை.

"பாஸ்போர்ட்டை எவளாவது பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டுவாளா?"

"பெட்டியை எந்த இன்ஜினியராவது கீழாத்துல கொண்டு வெப்பாரா?"

ஏழு மணி வரை இப்படியே போனது. காஜா பாய் வரவில்லை. அடுத்த விமானம் வியாழக்கிழமை. ஆபீஸில் என் லீவு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. ராமு ஒரு தீவில் ஒரே ஒரு நாள் கெஞ்சிக் கூத்தாடி நான் கடலில் இறங்க இடம் பிடித்து வைத்திருந்தான், செவ்வாய்க்கிழமைக்கு. இந்த விமானம் போனால் எல்லாம் போச்சு. இனிமேல் ஒரு நிமிஷம்கூட உட்கார முடியாது என்று எழுந்துவிட்டேன்.

"நீங்க இங்கயே இருங்கோ. அவர் வந்தார்னா பெட்டியை வாங்கி வெச்சுக்கோங்கோ. நான் தாராவிக்குப் போயிட்டு வந்துடறேன்."

ஆட்டோ சயானைத் தாண்டாது. டாக்ஸிதான். டிரைவரிடம் ஜல்தி ஜல்தி என்று சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டுவிட்டது. ஏழரைக்குத் தாராவியில் இறங்கினேன். டாக்ஸியை நிற்கச் சொல்லிவிட்டு, "காஜா பாய் பட்டறை எங்கே?" என்று ஒரு டீக்கடையில் கேட்டேன்.

"எந்தக் காஜா? பெல்ட்டு காஜாவா, பர்ஸு காஜாவா?"

"சூட்கேஸ் காஜா!"

"அப்படிச் சொல்லுங்க. அந்த மாவு மில்லுக்கு அந்தால ரெண்டாவது சந்து."

சந்துக்குள் ஒருவர் மட்டும்தான் நடக்கலாம். எதிரே ஆள் வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும். அன்று நான் யாருக்கும் பின்வாங்கவில்லை. பட்டறையில் மூன்று பேர் தரையில் உட்கார்ந்து தோல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. என் பெட்டி இல்லை. காஜா பாயும் இல்லை. மேல் வீட்டிலிருந்து வருகிறேன் என்று சொல்லிப் பெட்டியைக் கேட்டேன்.

"மொதலாளி ஏழு மணிக்கே ஒங்க பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்பிட்டாவளே" என்றார் மூத்த தொழிலாளி. 

"செம்பூருக்கா? எங்க வீட்டுக்கா?"

"இல்லம்மா. ஏரோப்பிளேன் எறங்குத எடத்துக்கு."

"அங்கே எதுக்கு?"

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, விவரம் தெரியாத பெண்பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். "நல்ல நேரம் பாத்துக் கெளப்புன பெட்டியத் திருப்பி வீட்டுக்குக் கொண்டு போகப்படாதுல்லா? பொறப்பட்டா பொறப்பட்டதுதானாம். ஒங்க வீட்டு சாரு சொன்னாவளாம். அதான் நேரா அங்க கொண்டு போயிட்டாவ."

இருபத்தோரு வருஷமாக என் வீட்டுக்காரர் இப்படிப் பத்துப் பத்து நிமிஷமாக எத்தனையோ விளக்கங்கள் கொடுத்திருக்கிறார். நானும் கேட்டதில்லை, எங்கள் பிள்ளைகளும் கேட்டதில்லை. ஒரு வார்த்தை விடாமல் கேட்ட ஒரே மனிதர் காஜா பாய்.

மறுபடி டாக்ஸி. மாஹிம், பாந்த்ரா, சாந்தாகுரூஸ். எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு விமான நிலைய வாசல். தூரத்திலிருந்தே தெரிந்தது — வெள்ளைத் தொப்பி, இஸ்திரி போட்ட சட்டை, காலடியில் என் பெட்டி. அவருக்கு எதிரே ஒரு போலீஸ்காரர்.

"கிஸ்கா பெட்டி ஹை?"

"மேல் வீட்டு அக்கா கா!" என்று சொல்லிக்கொண்டிருந்தார் காஜா பாய்.

"நாம் க்யா ஹை?" என்று போலீஸ்காரர் பெயரைக் கேட்டார்.

"அக்கா!"

பத்து வருஷமாகக் கீழும் மேலுமாக இருக்கிறோம். என் பெயர் அவருக்குத் தெரியாது. கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. நான் ஓடிப்போய், அந்த அக்கா நான்தான் என்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன். போலீஸ்காரர் விடுவாரா? பெட்டியைத் திறக்கச் சொன்னார். பருப்புப் பொடி பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார். புளிக்காய்ச்சல் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தார். மாஸ்க்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே ஒட்டியிருந்த லென்ஸில் விரலை வைக்கப் போனார்.

"சாப், மத் சூனா!", தொடாதீர்கள் என்று நான் போட்ட கத்தலில் போர்ட்டர்கள் எல்லாம் திரும்பினார்கள். போலீஸ்காரர் பயந்துபோய் மாஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினார். கடலுக்குள் பார்க்கிற கண்ணாடி என்று விளக்கினேன். அவரும் ஒரு முறை என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "ஜாவ், ஜாவ்" என்று விட்டுவிட்டார்.

அந்த நிமிஷத்தில்தான் ஒன்று உறைத்தது. பாஸ்போர்ட் இருக்கிறது. டிக்கெட் இருக்கிறது. மாஸ்க் இருக்கிறது. கணவர் இல்லை.

அவர் செம்பூரில் ஜன்னலோரம் உட்கார்ந்து காஜா பாயின் வரவை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் கட்டிடத்துக்கே ஒரு போன், கீழ்த்தளத்தில் குல்கர்ணி வீட்டில். காசு போட்டு டயல் செய்தேன். இரண்டு முறை ராங் நம்பர். மூன்றாவது முறை குல்கர்ணி அம்மாள் எடுத்தார். உடனே விமான நிலையத்துக்கு வரச் சொல்லுங்கள் என்றேன். "ஹோ, ஹோ, சாங்கதே" என்று மராத்தியில் சொல்வதாக ஒப்புக்கொண்டவர், மூன்று மாடி ஏற வேண்டுமே என்று ஒரு பெருமூச்சும் விட்டார். மணி எட்டு இருபது.

கவுண்டரில் இருந்த பெண் இரண்டு டிக்கெட்டையும் பார்த்தாள். "இன்னொரு பாசஞ்சர்?"

"வந்துகொண்டிருக்கிறார்."

"ஒன்பது மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவோம் மேடம்."

எட்டு நாற்பது. எட்டு ஐம்பது. அவர் வராவிட்டால்? தனியாகப் போவதா, திரும்பிப் போவதா? அவர் கடலில் இறங்கப் போவதில்லை. கரையில் உன் செருப்புக்குக் காவல் இருக்கேன் என்று சொல்லித்தான் வருகிறார். ஆனாலும் அவர் இல்லாமல் நான் நாசிக் வரைக்கும்கூடத் தனியாகப் போனதில்லை. மனசைக் கேட்டேன். அது கொஞ்சமும் யோசிக்காமல் 'போ' என்றது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. உண்மையைத்தானே எழுத வேண்டும்? எழுதிவிட்டேன். வீட்டில் இந்த இதழை ஒளித்து வைக்கப் போகிறேன்.

எட்டு ஐம்பத்தைந்துக்கு ஓடி வந்தார். ஒரு கையில் தண்ணீர் கூஜா, ஒரு கையில் தயிர்சாத டப்பா, நெற்றி முழுக்க வியர்வை. வந்ததும் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"நீ ஆத்தைவிட்டு எத்தனை மணிக்குக் கிளம்பினே?"

"ஏழு அஞ்சு."

"அப்போ உனக்கு தோஷமில்லை. நான்தான் நட்ட நடு ராகு காலத்துல கிளம்பியிருக்கேன்... இருந்தாலும் பிளேன் கிடைச்சுடுத்து பாரு! பரஸ்தானம்னா சும்மாவா?"

பரஸ்தானத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்த காஜா பாய் அங்கே ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கைப்பிடியை ஆட்டிக் காட்டினார். அசையவில்லை.

"இனி ஏழு கடல் போனாலும் வராதுக்கா" என்றார்.

வெளிநாடு போகிறவர்களுக்குத் தெரியும் — கட்டிடமே பட்டியல் கொடுக்கும். கேசட், சென்ட், கால்குலேட்டர், ஒருவர் மிக்ஸிக்கு ஜார் கூடக் கேட்டிருந்தார். காஜா பாய்க்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேண்டாங்க்கா. எங்க ஊர்ல கொளந்தான், கடலு கெடையாது. நீங்க நல்லாப் பாத்துட்டு வாங்க. மாஸ்க்கு ஒட்டு விட்டுறாம..." என்று இழுத்துவிட்டு, "பெட்டியத் தொடுமுன்ன ஒங்களைக் கேட்டிருக்கணும். மன்னிச்சிருங்க" என்றார்.

மன்னிப்பு கேட்க வேண்டியவள் நான். கேட்பதற்குள் மைக்கில் எங்கள் விமானத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆகவே தகவல் ஒன்று: பாஸ்போர்ட்டை உங்கள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நேரம் உங்களுக்குப் போதும், பாஸ்போர்ட்டுக்குத் தனியாக வேண்டாம்.

மற்ற தகவல்களையும் சொல்லிவிடுகிறேன். கேமரா, ஃபாரின் வாட்ச் கொண்டு போனால் கிளம்பும்போதே கஸ்டம்ஸில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சொந்த வாட்சுக்கே திரும்பும்போது வரி கட்ட வேண்டியிருக்கும். மாலேயில் மது கொண்டு போகக் கூடாது; புளிக்காய்ச்சலுக்குத் தடையில்லை. தயிர் கிடைக்காது, பால் பவுடரில் ராமு உறை ஊற்றுகிறான். சுமாராக இருக்கிறது. தங்கும் தீவுகளில் வாடகை நமக்குக் கட்டாது. மாலேயில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, காலையில் படகில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம். அந்தப் படகுக்கு அங்கேயும் தோணி என்றுதான் பெயர். கடலில் மூழ்கி எழுந்த பிறகு ஒரு நாள் முழுக்க விமானம் ஏறக் கூடாது, உடம்புக்கு ஆபத்து. அதையும் கணக்குப் பண்ணி டிக்கெட் எடுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை அந்தத் தீவில் இறங்கினோம். கற்றுக்கொடுப்பவர் ஒரு ஜெர்மன்காரர், ஆறடிக்கு மேல். என் சர்டிபிகேட்டைப் படித்தார். மாஸ்க்கை வாங்கிப் பார்த்தார். ஒட்டியிருந்த லென்ஸைப் பார்த்துவிட்டு இன்னொரு ஜெர்மன்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். கேலியோ என்று நினைத்தேன். "பிரமாதம்!" என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாட்டுங்கா கடைக்காரருக்குச் சொல்ல வேண்டும்.

இடுப்பளவு தண்ணீரில் ஒரு மணி நேரம் பாடம். வாயால் மூச்சு விட வேண்டும். மூச்சை அடக்கவே கூடாது. மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்துவிட்டால் பதறக் கூடாது; மேல் விளிம்பைக் கையால் அழுத்தி, அண்ணாந்து பார்த்து, மூக்கால் ஊதினால் தண்ணீர் கீழ் வழியாக வெளியே போய்விடும். நாலு முறை செய்து காட்டச் சொன்னார். செய்தேன். கரையில் என் வீட்டுக்காரர் பாண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, என் செருப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் கவலையாக உட்கார்ந்திருந்தார்.

இறங்கினோம். ஜெர்மன்காரர் என் முழங்கையை விடவில்லை. காது அடைத்தது, ஊதினேன், விட்டது. மறுபடி அடைத்தது, ஊதினேன். முதுகில் சிலிண்டர். காதில் என் மூச்சுச் சத்தம் மட்டும். கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. வழக்கம் போல மங்கலாகத்தான் இருக்கப் போகிறது, திறந்து என்ன ஆகப் போகிறது என்று ஒரு பயம்.

திறந்தேன்.

எல்லாம் தெரிந்தது. பாறையில் இருந்த ஒவ்வொரு ஓட்டையும் தெரிந்தது. என் விரலளவு நீல மீன்கள் நூறு இருக்கும், அத்தனைக்கும் கண் தெரிந்தது, கண்ணைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம் தெரிந்தது. ஒரு கறுப்பு வெள்ளை மீன் நேராக என் முகத்துக்கு முன்னால் வந்து நின்று என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். கீழே மணலில் என் நிழல்கூடத் தெரிந்தது. தண்ணீருக்குள் இருந்துகொண்டு, கண்ணாடியை யார் கையிலும் கொடுக்காமல், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சந்தோஷமாக இருந்ததாக எனக்கு வேறு நாள் எதுவும் ஞாபகம் வரவில்லை. கல்யாண நாளைக்கூட நினைத்துப் பார்த்தேன். இல்லை.

ஜெர்மன்காரர் திடீரென்று என் முகத்துக்கு அருகே வந்தார். என் மாஸ்க்கைச் சுட்டிக் காட்டினார். உள்ளே தண்ணீர். கீழ் விளிம்பில் தேங்கி நின்றது. ஒட்டு விட்டுவிட்டதோ, ஓட்டையோ என்று விளிம்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். எங்கும் எதுவும் இல்லை. மேலே போகலாமா என்று சைகையில் கேட்டார்.

வேண்டாம் என்று பலமாகத் தலையாட்டினேன். அது கடல் தண்ணீர் இல்லை என்று சைகையில் எப்படிச் சொல்வது?

தகவலுக்காக எழுதுகிறேன்: அந்தத் தண்ணீருக்கும் அதே முறைதான். மேல் விளிம்பை அழுத்தி, அண்ணாந்து, மூக்கால் ஊத வேண்டும்.